பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால்: அனல்மின் நிலைய உமிழ்வு விதிகள் யாருடைய காற்றைக் காக்கின்றன?

2025 ஜூலை 11 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. நாட்டிலுள்ள நிலக்கரி அனல்மின் அலகுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு, கந்தக டை ஆக்சைடு உமிழ்வுக்கான தரவரம்பை இனிக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். மேலும் 11 விழுக்காட்டு அலகுகளுக்கு அது தேவையா என்பதை வல்லுநர் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யும். எஞ்சிய 11 விழுக்காடு மட்டுமே 2027 டிசம்பர் இறுதிக்குள் விதியை நிறைவேற்றியாக வேண்டும்.

எந்த அலகுக்கு விலக்கு, எந்த அலகுக்குக் கட்டாயம் என்பதைத் தீர்மானித்தது எது? புகைபோக்கியிலிருந்து வெளியேறும் நஞ்சின் அளவு அன்று. தூரம். தேசியத் தலைநகர்ப் பகுதிக்கோ, 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் நிலையம் இருந்தால் விதி உண்டு. அந்த எல்லைக்கு வெகு தொலைவில், சிற்றூர்களுக்கும் சேரிகளுக்கும் நடுவே இருந்தால் விதி இல்லை.

தூரத்தை அளந்து உரிமையைப் பங்கிடும் வழக்கம் இந்த நாட்டுக்குப் புதியதன்று. ஊருக்கும் சேரிக்கும் இடையிலான தூரமே கிணற்றையும் சுடுகாட்டையும் கோயில் வாசலையும் பிரித்து வைத்தது. காற்றை அவ்வாறு பிரிக்க முடியாது என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். பிரிக்க முடியும் என்று ஒரு விதி இப்போது சொல்கிறது. அந்த விதியின் வரலாற்றையும், அதை நியாயப்படுத்தும் வாதங்களையும், காலநிலைக் கொள்கையோடு அது கொண்டுள்ள உறவையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

புகைபோக்கியிலிருந்து வருவது என்ன?

நிலக்கரி எரியும்போது வெளியேறுபவற்றுள் ஐந்தை முதன்மையாகச் சொல்லலாம். எரியாது எஞ்சும் சாம்பல் துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம், கரியமில வாயு ஆகியவை அவை. முதல் நான்கும் உடலை நேரடியாகத் தாக்குபவை. ஐந்தாவது, புவியைச் சூடாக்குவது.

இவற்றுள் கந்தக டை ஆக்சைடைப் பற்றிய ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். அது வெளியேறிய இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. காற்றில் மிதக்கும்போது அம்மோனியா முதலியவற்றோடு வினைபுரிந்து சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. பி.எம். 2.5 எனப்படும் இந்த நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை சென்று குருதியில் கலக்கக்கூடியது. பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யக்கூடியதும் ஆகும். ஆகவே, ஒரு நிலையத்தைச் சுற்றிலும் கந்தக டை ஆக்சைடு குறைவாகப் பதிவாகிறது என்பதால் அந்த நிலையம் தீங்கற்றது என்று ஆகிவிடாது.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. ஆனால் சாம்பல் மிக அதிகம். 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் கொண்ட நிலக்கரியே இங்குப் பெருமளவில் எரிக்கப்படுகிறது. அதன் வெப்பத்திறனும் குறைவு என்பதால், அதே அளவு மின்சாரத்துக்குக் கூடுதல் நிலக்கரியை எரிக்க வேண்டியிருக்கிறது.

2015: ஒரு டிசம்பர் மாதம்

2015 டிசம்பர் 7 அன்றுதான் அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம், நீர்ப் பயன்பாடு ஆகியவற்றுக்கு நாடு தழுவிய வரம்புகள் முதன்முறையாக வகுக்கப்பட்டன. துகள் உமிழ்வுக்கு ஏற்கெனவே இருந்த வரம்பும் கடுமையாக்கப்பட்டது. நிலையத்தின் வயதைப் பொறுத்து வரம்புகள் மாறின. 2003 இறுதிக்கு முன் நிறுவப்பட்ட அலகுகள் ஒரு கன மீட்டர் புகையில் 100 மில்லிகிராம் துகள் வரை வெளியிடலாம். 2004 முதல் 2016 வரை நிறுவப்பட்டவை 50 மில்லிகிராம். 2017 முதல் வருபவை 30 மில்லிகிராம். கந்தக டை ஆக்சைடைப் பொறுத்தவரை, 500 மெகாவாட்டுக்குக் குறைவான பழைய அலகுகளுக்கு 600 மில்லிகிராம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 200, புதியவற்றுக்கு 100 என்று வரையறுக்கப்பட்டது.

அந்த டிசம்பரைத் தமிழகம் மறந்திருக்காது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்த நாள்கள் அவை. நீர் வடிந்த பின் மாநகரத்தின் கழிவை அள்ளுவதற்குப் பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் எச்சாதியினர் என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே மாதம் 12ஆம் நாள் பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் நிறைவேறியது. ஒரு வெள்ளத்தை முழுவதுமாகக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் பேரிடர் எந்தப் பெயரில் வந்தாலும், அதன் கழிவைச் சுமப்பவர்கள் யார் என்பது இந்தச் சமூகத்தில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

பத்தாண்டு தவணை

2015 விதிகளை நிறைவேற்ற இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. 2017 டிசம்பரில் கெடு முடிந்தபோது, அது 2022 வரை நீட்டிக்கப்பட்டது. 2020 அக்டோபரில் 2004 முதல் 2016 வரை நிறுவப்பட்ட அலகுகளுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 300இலிருந்து 450 மில்லிகிராமாகத் தளர்த்தப்பட்டது. 2021 ஏப்ரலில் நிலையங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டு 2022, 2023, 2024 என்று தனித்தனிக் கெடு தரப்பட்டது. 2022 செப்டம்பரில் கந்தக டை ஆக்சைடுக்கான அந்தக் கெடு 2024, 2025, 2026 என்று மாறியது. 2024 டிசம்பர் இறுதியில் அது மீண்டும் 2027, 2028, 2029 என்று ஆனது. 2025 ஜூலையில் பெரும்பான்மை நிலையங்களுக்குக் கெடுவே இல்லாமல் போனது.

கந்தக டை ஆக்சைடை நீக்கும் கருவி பொருத்த வேண்டியவை என்று 537 அலகுகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. பத்தாண்டில் அதைப் பொருத்தியவை ஏறத்தாழ 40 அலகுகள் மட்டுமே. இக்கருவிகள் இந்தியாவில் இயங்கவே முடியாதவை அல்ல என்பதற்கு அந்த 40 அலகுகளே சான்று. மற்றவை ஏன் பொருத்தவில்லை? காத்திருந்தால் கெடு தள்ளிப்போகும் என்பதை நிறுவனங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டன. காத்திருந்தவர்களின் கணக்கு பொய்க்கவில்லை.

மூச்சின் விலை

2021இன் வகைப்பாடுதான் இன்றைய விலக்குக்கு அடித்தளம் என்பதால், அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். முதல் வகை, தலைநகர்ப் பகுதிக்கோ 10 லட்சம் மக்கள் கொண்ட நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை. இரண்டாவது, கடுமையாக மாசுபட்ட பகுதி என்றோ, காற்றுத் தரத்தை எட்டாத நகரம் என்றோ அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை. மூன்றாவது, எஞ்சியவை அனைத்தும்.

கெடுவைத் தவறவிட்டால் கட்ட வேண்டிய தண்டத்தொகையையும் அந்த அறிவிக்கை வகைவாரியாகவே நிர்ணயித்தது. உற்பத்தியாகும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும், முதல் வகை நிலையத்துக்கு 10 காசில் தொடங்கிய தொகை, மூன்றாம் வகை நிலையத்துக்கு 5 காசில் தொடங்கியது. அதாவது, மாநகரத்தின் அருகில் வாழ்பவர் சுவாசிக்கும் நஞ்சுக்கு 10 காசு. சிற்றூரில் வாழ்பவர் சுவாசிக்கும் அதே நஞ்சுக்கு 5 காசு. பின்னர் இத்தொகை உயர்த்தப்பட்டது. ஆனால் கெடு தள்ளிப்போகும்போதெல்லாம் தண்டம் கட்ட வேண்டிய நாளும் தள்ளிப்போயிற்று.

இந்த வகைப்பாட்டில் 'சாதி' என்ற சொல் எங்கும் இல்லை. நோக்கம் சாதியாக இருந்தது என்று சொல்ல நம்மிடம் சான்றும் இல்லை. ஆனால் ஒரு விதியின் விளைவை அறிய அதன் நோக்கத்தைத் தேட வேண்டியதில்லை. நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் நிலம் மலிவாகவும் எதிர்ப்பு எளிதில் அடக்கக்கூடியதாகவும் உள்ள இடங்களையே நாடுகின்றன. அங்கே நிலமற்ற வேளாண் கூலிகளாகவும் காட்டையும் கழிமுகத்தையும் நம்பி வாழ்பவர்களாகவும் இருப்பவர்கள் தலித் மக்களும் பழங்குடியினரும். பட்டா நிலம் உள்ளவருக்கு இழப்பீடு கிடைக்கிறது. நிலமற்றவருக்குப் பெரும்பாலும் புகை மட்டுமே கிடைக்கிறது.

அரசின் வாதங்களும் அவற்றின் எல்லையும்

விலக்குக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வாதங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. அவற்றை முறையாக எதிர்கொள்ள வேண்டும்.

முதல் வாதம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு. நகரங்களின் சுற்றுக்காற்றில் கந்தக டை ஆக்சைடு தேசியத் தரத்துக்கு உட்பட்டே இருக்கிறது என்பது. இது உண்மை. ஆனால் அளக்கப்படுவது வாயுவே. அது சல்பேட் நுண்துகளாக மாறிய பின் ஏற்படும் தீங்கு பி.எம். 2.5 கணக்கில்தான் தெரியும். அந்தக் கணக்கில் இந்திய நகரங்களும் சிற்றூர்களும் உலகிலேயே மோசமான நிலையில் உள்ளவற்றுள் அடங்கும். மேலும், காற்றை அளக்கும் நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. அளக்காத இடத்தில் மாசு இல்லை என்று முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது.

இரண்டாம் வாதம், புகைபோக்கி உயரமாக இருந்தால் போதும் என்பது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரம் வகுக்கப்பட்டிருக்கிறது. உயரம் நஞ்சை நீக்குவதில்லை, நகர்த்துகிறது. ஐரோப்பா இந்தப் பாடத்தை முன்பே கற்றது. பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பாவிலும் உயர்ந்த புகைபோக்கிகள் வழியே வெளியேறிய கந்தகம், ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாகப் பெய்தது. அதன் விளைவாகவே எல்லை கடந்த காற்று மாசு குறித்த ஜெனீவா உடன்படிக்கை 1979இல் உருவாயிற்று.

மூன்றாம் வாதம் செலவு. இக்கருவிகளால் அலகுக்கு 25 முதல் 30 காசு வரை மின்கட்டணம் உயரும் என்று கூறப்பட்டது. அந்தச் செலவு உண்மையானது. ஆனால் கருவி பொருத்தாவிட்டால் செலவு மறைந்துவிடுவதில்லை. அது மின்வாரியத்தின் கணக்கிலிருந்து வெளியேறி, இழந்த கூலிநாளாகவும் மருந்துச் சீட்டாகவும் குழந்தையின் இளைப்பாகவும் ஏழை வீட்டின் கணக்கில் ஏறுகிறது. மின்சாரத்தை அதிகம் பயன்படுத்துபவர் சேமிக்கும் காசை, குறைவாகப் பயன்படுத்துபவர் தம் நுரையீரலால் கட்டுகிறார்.

நான்காம் வாதமே மிகவும் கவனிக்கத்தக்கது. கந்தக நீக்கக் கருவி இயங்கச் சுண்ணாம்புக்கல்லும் கூடுதல் மின்சாரமும் தேவை. இதனால் கரியமில வாயு சற்றே கூடும். தவிர, சல்பேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பிப் புவியைச் சிறிது குளிர்விக்கின்றன. ஆகவே கந்தகத்தை நீக்குவது காலநிலைக்கு நல்லதன்று என்பது அவ்வாதம். இதிலுள்ள இயற்பியல் தவறன்று, முடிவுதான் தவறு. புவி சூடாவதைத் தடுக்கும் வழி நிலக்கரியைக் குறைப்பது. நிலக்கரியைக் குறைக்காமல், அதன் நஞ்சை நிழற்குடையாகப் பிடித்துக்கொள்வது தீர்வாகாது. காலநிலையின் பெயரால் உழைக்கும் மக்களின் நுரையீரலைப் பணயம் வைக்கும் கொள்கையைக் காலநிலைக் கொள்கை என்று அழைக்க இயலாது.

சாம்பலும் நீரும்

புகைபோக்கியைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான் வெளிவரும். மறுபாதி சாம்பல் குளங்களில் கிடக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில், வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் படுகையில் சாம்பல் படிந்தது. மீனவக் குப்பங்களும், நீருக்குள் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் வாழ்வாதாரம் இழந்தன. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கம் மக்கள் தங்களை வேறிடத்தில் குடியமர்த்துமாறு கோரினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்குப் பின்னால், சாம்பல் படிந்த நீரைப் புட்டிகளில் எடுத்துச் சென்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய சாதாரண மக்களின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் நிலை இன்னும் கொடியது. 1960களின் தொடக்கத்தில் ரிஹாந்த் அணையால் பெயர்க்கப்பட்ட பழங்குடி, தலித் குடும்பங்களுள் பல, பின்னர்ச் சுரங்கத்துக்காகவும் அனல்மின் நிலையத்துக்காகவும் மீண்டும் பெயர்க்கப்பட்டன. 2020 ஏப்ரலில் அங்குள்ள சாசன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளக் கரை உடைந்து ஆறு பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் அதே வட்டாரத்தில் வேறு இரண்டு சாம்பல் குளங்கள் உடைந்திருந்தன.

காலநிலைக் கொள்கையில் விடுபட்ட வாயு

இந்தியாவில் ஓர் அனல்மின் நிலையம் எவ்வளவு துகளை, கந்தகத்தை, பாதரசத்தை வெளியிடலாம் என்பதற்கு எழுத்திலேனும் வரம்பு உண்டு. கரியமில வாயுவுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வணிகத் திட்டத்தின் முதற்கட்டக் கட்டாயத் துறைகளில் சிமெண்ட், அலுமினியம் முதலியவை இடம்பெற்றன. அனல்மின் துறை இடம்பெறவில்லை.

2070க்குள் நிகரச் சுழிய உமிழ்வு, 2030க்குள் 500 கிகாவாட் புதைபடிவமற்ற மின்திறன் என்பவை அரசு அறிவித்த இலக்குகள். நிறுவப்பட்ட திறனில் பாதி புதைபடிவமற்றதாக இருக்க வேண்டும் என்ற இலக்கை, 2030க்கு ஐந்தாண்டு முன்னதாகவே 2025இல் எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. இது சாதனையே. ஆயினும் நிறுவப்பட்ட திறன் வேறு, உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரம் வேறு. உற்பத்தியில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2031-32க்குள் குறைந்தது 80 கிகாவாட் புதிய நிலக்கரித் திறனைச் சேர்க்கவும் திட்டம் உள்ளது. இன்று கட்டப்படும் நிலையம் 2050களிலும் எரியும். அதன் புகைக்கு இன்றே விதி இல்லை என்றால், அடுத்த தலைமுறைக்கும் இல்லை என்றே பொருள்.

மின்சாரம் யாருக்கு எதிரானது?

இவ்வாறு கேட்பவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று சொல்வது எளிது. வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், மின்சாரக் கொள்கையையும் கையாண்டார். மலிவான, தடையற்ற மின்சாரம் இன்றித் தொழில்மயம் இல்லை. தொழில்மயம் இன்றி வறுமையிலிருந்து விடுதலை இல்லை என்பது அவருடைய நிலைப்பாடு. மின்துறைக்கான மத்தியத் தொழில்நுட்ப வாரியம் உருவானதும் அக்காலத்தில்தான்.

ஆகவே தலித் இயக்கத்தின் கேள்வி, மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அதன் பயனும் அதன் சுமையும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதே. நிலக்கரியிலிருந்து விலகும் நாள் வரும்போதும் இதே கேள்வி எழும். நிலையம் மூடப்பட்டால் நிரந்தர ஊழியர் வேறு நிலையத்துக்கு மாற்றப்படுவார். சாம்பல் அள்ளிய, கொதிகலனைத் துப்புரவு செய்த ஒப்பந்தத் தொழிலாளி எங்கே போவார்? அவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்றால், 'நியாயமான நிலைமாற்றம்' என்ற சொல்லும் மேல்தளத்தோடு நின்றுவிடும்.

திறந்திருக்கும் கதவுகள்

தூய காற்றும் நீரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024இல் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் அடங்கியது என்று ஏற்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்தி அதன் பயன்பாட்டுத் தகுதியைக் குறைப்பதைக் குற்றமாக வரையறுத்திருக்கிறது. மகத் குளத்தின் நீருக்காக 1927இல் நடந்த போராட்டத்தின் நினைவு அப்பிரிவில் படிந்திருக்கிறது. சாம்பல் குளத்தின் கசிவை அப்பிரிவின் கண்கொண்டு பார்க்கும் வாதம் இங்கு இன்னும் வலுப்பெறவில்லை.

ஆனால் நீதிமன்றத்தில் நிற்கச் சான்று வேண்டும். இங்குதான் அமெரிக்காவின் அனுபவம் பயன்படுகிறது. அபாயக் கழிவுக் கிடங்குகள் அமையும் இடத்தை இனமே முதன்மையாகத் தீர்மானிக்கிறது என்று அங்கு ஒரு திருச்சபை அமைப்பின் ஆய்வு 1987இல் எண்களால் நிறுவியது. அதன் தொடர்ச்சியாக 1994இல் சூழல் நீதிக்கான அதிபர் ஆணை வந்தது. எந்தப் பகுதியில் எவ்வளவு மாசு, அங்கு வாழ்பவர் யார் என்று ஒருங்கே காட்டும் வரைபடக் கருவியை அரசே 2015இல் பொதுவில் வைத்தது. 2025 தொடக்கத்தில் அந்த ஆணை நீக்கப்பட்டது. அக்கருவியும் அரசுத் தளத்திலிருந்து அகற்றப்பட்டது. விதியைத் தளர்த்த விரும்புவோர் அளவுகோலையும் அகற்றுவார்கள் என்பது அங்கிருந்து கிடைக்கும் பாடம்.

இந்தியாவில் அத்தகைய அரசு வரைபடம் இருந்ததே இல்லை. அதை உருவாக்கத் தேவையான தரவு மட்டும் சிதறிக் கிடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்வாரியான பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகை பொதுவில் உள்ளது. ஒவ்வொரு நிலையத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் சுற்றுப்புறத்தில் 10 கிலோமீட்டர் வரையிலான பகுதியை ஆராய வேண்டும். புகைபோக்கியில் பொருத்தப்பட்ட தொடர் கண்காணிப்புக் கருவிகளின் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கோரலாம். 2027 கணக்கெடுப்பு சாதிவாரியாகவும் நடக்கவிருக்கிறது.

ஒரு கல்லூரியின் மாணவர் குழு, ஒரு நிலையத்தின் புகைபோக்கியை மையமாகக் கொண்டு 10 கிலோமீட்டர் வட்டம் வரைந்து, அதற்குள் வரும் ஊர்களையும் சேரிகளையும் பட்டியலிட்டு, எங்கே காற்று அளக்கப்படுகிறது, எங்கே அளக்கப்படவில்லை என்று குறித்துவிட முடியும். அதே வட்டத்தைத்தான் அமைச்சகமும் வரைந்தது. ஆனால் அது நகரத்தை மையத்தில் வைத்து வரைந்தது. நாம் புகைபோக்கியை மையத்தில் வைத்து வரைந்தால், வட்டத்துக்குள் வேறு மக்கள் தெரிவார்கள். கந்தக விலக்கைத் திரும்பப் பெறவும், கரியமில வாயுவுக்கு வரம்பு வகுக்கவும், சிற்றூர்களில் காற்றை அளக்கவும், ஒப்பந்தத் தொழிலாளரைப் பதிவு செய்யவும் எழுப்பும் கோரிக்கைகளுக்கு அந்த வட்டமே முதற்சான்றாக அமையும்.